தலைக்கட்டில் சேராத வீடு

செஞ்சியிலிருந்து டவுன் பஸ் ஏறி சங்கராபரணி ஆற்றுப் பாலத்தில் இறங்கினால், ஊரின் முதல் வீடு மீனம்பாளுடையது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளில் ஆற்றில்தான் கரகம் ஜோடிப்பார்கள். அங்கிருந்து கிளம்பி வரும் அம்மன் முதலில் அவள் வாசலைத்தான் தாண்டியாக வேண்டும். தாண்டித்தான் போனாளே தவிர, புருஷன் விட்டுப் போனதிலிருந்து ஒரு வருஷமாவது நின்றாளா? இல்லை.

ஊர்க் கணக்கு அப்படி. கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு உள்ள வீட்டு வாசலில் அம்மன் நிற்பாள். வீட்டுக்காரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவன் கையால் தட்டு வாங்கித் தீபம் காட்டுவார்கள். மீனம்பாளின் புருஷன் தாண்டவராயன், அவளைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். அதோடு அவள் வீடும் கணக்கிலிருந்து போயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், கூழுக்கு வீடு வீடாகக் கேழ்வரகு மாவு வாங்க வருகிறவர்கள் அவள் வீட்டை மட்டும் மறந்ததே கிடையாது. மாவுக்கு ஆம்பளை வேண்டாம் போலிருக்கிறது.

அவள் சோர்ந்து உட்காரவில்லை. களை எடுத்தாள், கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கினாள், நூறு நாள் வேலைக்குப் போனாள், மகள் அமலாவை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள், கூரை வீட்டைத் தளமாக்கினாள். ஒவ்வொரு ஆடிக்கும் நாட்டாண்மை அரங்கநாதனிடம் போய் நிற்பாள்.

"மாமா, இந்த வாட்டியாச்சும் அம்மன எங்கூட்டாண்ட நிறுத்துங்க."

"ஆம்பள இல்லாத வூட்ட தலக்கட்டுல எப்டிம்மா சேக்கறது? நான் ஒருத்தன் சொல்லி ஆவுற காரியமா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போனால், அந்தக் கூட்டத்தில் நீ யார் பெண்டாட்டி என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஆனால் அவளுக்குத் தன் ஊர் அம்மன் தன் வாசலில் நிற்க வேண்டும். வேறு ஆசை அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அதற்காகவே வருஷம் தவறாமல் வாசல் தெளித்து, தெருவை அடைத்துக் கோலம் போட்டாள். கரகத்தோடு வந்த கும்பலும் வருஷம் தவறாமல் அதை மிதித்துக்கொண்டு போயிற்று.

போன சித்திரையில் ஒரு ஆட்டோ வந்து தாண்டவராயனை இறக்கிவிட்டுப் போனது. ஒரு பக்கம் கை கால் விழுந்து, வாய் கோணியிருந்தது. பெங்களூர்க்காரிக்கு இனி அவனால் பிரயோஜனம் இல்லை. கல்லானாலும் கணவன் என்று ஊரே வந்து புத்தி சொன்னது. சொன்னவர்களில் ஒருத்தராவது அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவ வந்தார்களா? அவள்தான் கழுவினாள், அவள்தான் ஊட்டினாள்.

ஆடி பிறந்ததும் அரங்கநாதனே தேடி வந்தார்.

"இந்த வருசம் அம்மன் உன் வூட்டாண்ட நிக்கும். தட்டு எடுத்து வை. சந்தோசந்தான?"

சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அமலாவுக்குப் போன் போட்டு அழுதாள். பூவும் தேங்காயும் வாங்கச் செஞ்சிக்கே போய்வந்தாள்.

பம்பை முழங்க, கரகம் ஆற்றிலிருந்து மேடேறி வந்தது. அவள் வாசலில், அவள் கோலத்தின் ஓரத்தில் நின்றது. மீனம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டோடு முன்னால் வந்தாள்.

"தாண்டவராயன் வூடு" என்று குரல் கொடுத்தார் அரங்கநாதன். பிறகு அவள் பக்கம் குனிந்து, "தட்ட நீ குடுக்கக் கூடாதும்மா. தலக்கட்டு கையாலதான் குடுக்கணும். கட்டிலோட அவன தூக்கியாரச் சொல்லட்டா?" என்றார்.

உள்ளே கட்டிலில் கிடந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். வராத கையை விட்டுவிட்டு நல்ல கையை நீட்டினான். காலையில் அந்தக் கையைத் துடைத்துவிட்டவளும் அவள்தான்.

அவள் தட்டை வாசற்படியில் இறக்கி வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பேர்ல இங்க வூடு இல்ல மாமா. இது மீனம்பா வூடு. எப்பவும் போல தாண்டிப் போங்க."

பம்பை நின்றுபோனது. சாமி குத்தம், திமிர் பிடித்தவள் என்று கும்பலில் முணுமுணுத்தார்கள். அரங்கநாதன் கையை அசைத்தார். கரகம் நகர்ந்தது. கும்பல் கோலத்தை மிதித்துக்கொண்டு பின்னாலேயே போனது. கற்பூரத்தை வாசற்படியிலேயே வைத்துக் கொளுத்தி, போகிற அம்மனைப் பார்த்து அவள் கும்பிட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

மத்தியானம் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அவள் கொடுத்த மாவும் அதில் கரைந்திருந்தது. ஊரே வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது.