பிரிக்காத பூப்பொட்டலம்

14.11.2001 தேதியிட்ட மதுரை மருத்துவமனைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. எடுத்த மார்பை மறுபடி உருவாக்க மூன்று வழிகளை டாக்டர் அதில் எழுதியிருக்கிறார்: சிலிக்கோன் பை, முதுகுத் தசை, அடிவயிற்றுத் தசை. முதல் வழியை அவரே அடித்துவிட்டார். கதிர்வீச்சு பட்ட தோல் பையைத் தாங்குவது சந்தேகமாம்.

இடது மார்பைப் புற்றுநோய்க்குக் கொடுத்து அப்போது ஒன்றரை வருடம். வயது நாற்பத்தொன்று. கணவர் இறந்துவிட்டார், அக்கா பேச்சியம்மாளோடு கோவில்பட்டியில் இருந்தேன். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை. ரவிக்கைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு போவேன். 3.12.2001 அன்று எல்லோர் முன்னாலும் அது நழுவித் தரையில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். 'செத்திருக்கலாம்' என்று அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது.

ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே அக்கா சீறுவாள்.

"ஏட்டி, மாப்பிள்ளையும் போய்ச் சேந்தாச்சு. இனி யாருக்குக் காட்டப் போற? நல்லா இருக்க வயித்தையும் அறுத்துக்கிட்டு வரணுமாக்கும்!"

எனக்காகத்தான் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. முதுகில் எடுத்தால் குச்சி அடுக்கும் கை தளரலாம். வயிற்றில் எடுத்தால் குடம் தூக்க முடியாது. எங்கள் தெருவிலோ வாரம் ஒருமுறைதான் தண்ணீர். எத்தனையோ புத்தகம் படித்தவள் நான். இதற்கு ஒரு வரி அகப்படவில்லை. "முருகா, ஆசைப்படுவது தப்பா? அதை மட்டும் சொல்" என்று அழுதேன்.

12.2.2002, செவ்வாய்க்கிழமை. கழுகுமலை முருகன் கோவிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை அரளி வந்தால் ஆபரேஷன். சிவப்பு வந்தால் வேண்டாம். அக்காவே இரண்டு பூவையும் என்னிடம் வாங்கி, தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றினாள். சன்னதியில் நின்ற ஒரு அம்மாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். வெள்ளை.

அக்காவைப் பார்த்தேன்.

"என்ன முழிக்க? சாமி சொல்லியாச்சு. வயித்துலயே எடுக்கச் சொல்லு. கை இருந்தாத்தான் உனக்குச் சோறு. கொடத்த நான் தூக்குதேன்."

18.3.2002 அன்று ஆபரேஷன். ஐந்தாம் நாள் புது மார்பின் ஓரம் கறுத்தது. கறுத்ததை வெட்டினார்கள், மறுபடி கறுத்தது. "கொடுத்ததைப் பிடுங்காதே, முருகா." பதினொரு நாள் எனக்கு வேறு பேச்சில்லை. பன்னிரண்டாம் நாள் கறுப்பு நின்றது. அடியில் சிவப்பாகத் தசை தெரிந்தது.

கோணலாகத்தான் ஆறியது. வயிறு இன்றும் இழுக்கிறது. நோய் திரும்பாது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. ஆனால் நான்கு வருடமாகத் துணி வைக்காமல் வேலைக்குப் போகிறேன். அன்பர்களே, ஊரிடம் சொல்லக் கூசுவதை முருகனிடம் சொல்லுங்கள். அவன் கூசமாட்டான்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். மற்றப் பொட்டலத்தை நாங்கள் பிரிக்கவில்லை. அக்கா அதை அன்றே தெப்பக்குளத்தில் போட்டுவிட்டாள். அதில் இருந்தது சிவப்புதானே என்று போன மாதம் கேட்டேன்.

"சாமி சொன்னதையே சரிபாக்க வந்துட்டா, பெரிய தாசில்தாரு! ஏட்டி, போ அங்கிட்டு" என்று குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போய்விட்டாள்.

எந்தக் கை கட்டியிருந்தாலும் பதில் அவனுடையது என்றே நம்புகிறேன். இரண்டிலும் வெள்ளைதான் இருந்ததா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.