வழக்கத்துக்கு மாறான இடம்

டென்மார்க்கில் நான் பராமரிக்கும் கணினிகளை யாரும் கும்பிடுவதில்லை. இலங்கையில், பரந்தனில் அக்கா நடத்தும் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கும்பிடுகிறார்கள். சரஸ்வதி பூசை செய்யும் வாணி விழாவுக்கு மூன்று கணினிகளையும் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுப்பார்கள். விடுமுறையில் போயிருந்த நான் அந்தப் பொட்டுகளைப் பார்த்துச் சிரித்தேன். மறுநாள் காலை சிரிப்பு நின்றது.

விழாவுக்கு முதல் நாள்தான் அவற்றில் செக்கியூர் பூட் என்ற அமைப்பை இயக்கியிருந்தேன். கணினி எழும்பும்போது, உள்ளே வரும் மென்பொருளுக்கு நம்பகமான கையொப்பம் இருந்தால் மட்டும் வழிவிடும் ஏற்பாடு அது. நோயாளிகளின் விபரம் வெளியே போகக்கூடாது என்று அக்கா கவலைப்பட்டதால் வன்தட்டையும் பூட்டினேன். அமைப்பு மாறினால் அது நீண்ட மீட்பு எண் ஒன்றைக் கேட்கும். என் அலுவலகத்தில் வழமையாகச் செய்யும் வேலை. வரிசை தவறாமல் செய்தேன்.

காலையில் நடுக் கணினி நீலத் திரையுடன் மீட்பு எண்ணைக் கேட்டபடி நின்றது. முடிவுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

"அக்கா, இதை ஆரும் தொட்டதோ?"

"ஒருத்தரும் தொடேல்லை. வயரெல்லாம் கழட்டி, துடைச்சு, மாலை போட்டனாங்கள். அவ்வளவுதான்."

அமைப்புகளை நினைவில் வைத்திருக்க உள்ளே இருக்கும் சிறு வட்டப் பற்றரி எப்போதோ செத்திருக்கிறது. வயரைக் கழற்றியதும் என் அமைப்புகள் அத்தனையும் அழிந்துவிட்டன. டென்மார்க்கில் கணினி வயரை யாரும் ஒரு நாள் முழுக்கக் கழற்றிவைப்பதில்லை. அதனால் பற்றரியைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

முல்லைத்தீவிலிருந்து வந்த மீனவர் ஒருவர் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். மகளின் இரத்த முடிவோடு மத்தியானத்துக்குள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையின் சத்திரசிகிச்சை தள்ளிப்போகும்.

"என்ன தம்பி, கொம்பியூட்டரும் விரதமோ?"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

கை நடுங்கியது. போர் நாட்களில் அடையாள அட்டையோடு இராணுவச் சோதனைச்சாவடி வரிசையில் நின்ற காலத்து நடுக்கம் அது. முன்னால் நிற்பவரை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னால் நான் என் அட்டையை இன்னொரு தடவை சரிபார்ப்பேன். டென்மார்க்கிலும் திரையில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தால் அதே நடுக்கம்தான். ஒருமுறை பக்கத்து மேசை லார்ஸ் அதைக் கண்டு, எனக்குப் பசி என்று நினைத்து, றூபுறோ என்னும் கறுத்த பாணில் ஒரு துண்டு தந்தார். நன்றி சொல்லிச் சாப்பிட்டேன்.

மீட்பு எண்ணை நான் காகிதத்தில் எழுதவில்லை. சோதனைக்குப் பயந்து, எழுதியவற்றைப் புதைத்தும் எரித்தும் பழகிய ஊர் எங்களுடையது. இணையத்தில் என் கணக்கில் மட்டும் வைத்திருந்தேன். அதைத் திறக்கப் போனால், "வழக்கத்துக்கு மாறான இடம். உங்கள் மற்றக் கைப்பேசியில் உறுதிசெய்யுங்கள்" என்றது. அந்தக் கைப்பேசியைப் பயணத்தில் தொலைத்துவிடக் கூடாதென்று டென்மார்க்கில் மனைவி கலாவிடம் விட்டுவந்திருந்தேன். சற்று நேரத்தில் திரையில் 'மறுக்கப்பட்டது' என்று வந்தது.

கலாவை அழைத்தேன். அங்கே இன்னும் விடியவில்லை.

"என்னப்பா, ஆருக்கு என்ன?" என்றாள். விடியுமுன் ஊரிலிருந்து வரும் அழைப்பை எங்களில் யாரும் வேறுவிதமாக எடுப்பதில்லை.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. அந்தப் போனிலை ஏதும் கேட்டதோ?"

"ஓம். ஆரோ சிறிலங்காவிலை இருந்து உங்கடை பேரிலை உள்ளை வரப் பாக்கினம். நான் இல்லை எண்டு அமத்திப்போட்டன். நீங்கள்தானே அப்பிடிச் சொல்லித்தந்தனீங்கள்?"

அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். இன்னொரு தடவை மறுத்தால் கணக்கே பூட்டப்பட்டுவிடும். மீனவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் திரும்ப முயன்றேன்.

"வந்திட்டுது. பரந்தனிலை ஒரு சிவப்புப் புள்ளி காட்டுது. 'இது நீங்கள்தானா' எண்டு கேக்குது. என்ன அமத்த?"

"ஓம் எண்டு அமத்தும்."

"நீங்கள்தான் எண்டு வடிவாத் தெரியுமோ?"

"நான்தான் கலா. அமத்தும்."

எண் வந்தது, கணினி திறந்தது. அக்கா அச்சடித்த தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு மீனவர் பஸ்ஸுக்கு ஓடினார். நான் புதுப் பற்றரி தேடிக் கடைக்குப் போனேன்.

டென்மார்க் திரும்பிய அன்று, விடுமுறை முழுக்கப் பரந்தனில் திறந்த அதே கணக்கை வீட்டிலிருந்து திறந்தேன். வழக்கத்துக்கு மாறான இடம் என்றது. வரைபடத்தில் எங்கள் தெருவின் மேல் சிவப்புப் புள்ளி. கீழே, இது நீங்கள்தானா என்ற கேள்வி. கைப்பேசி இப்போது என் கையில்தான் இருந்தது. விரல்தான் 'ஓம்' பக்கம் உடனே போகவில்லை.