சிறகு முறுக்கிய கரப்பான்

மருந்து வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காலையில் சமையலறை விளக்கைப் போட்டால்... அடுப்பு மேடையில் நான்கு கரப்பான்கள். ஓடக்கூட இல்லை. வாக்கிங்!

எனக்குச் சந்தேகம் சட்டென்று வரும். மருந்து வைத்தவர் சலீம் பாய், தண்டையார்பேட்டைக்காரர். காலடிப்பேட்டையில் எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளுக்கு அவர்தான். டப்பாவில் இருந்தது மருந்தா, வெறும் தண்ணீரா? யார் கண்டது?

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராகக் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன் — 'சலீம் பாய் மருந்து டூப்ளிகேட். உஷார்!' மாலைக்குள் நான்கு வீடுகள் அவரை வர வேண்டாம் என்றுவிட்டன.

மறுநாள் அவரே வாசலில் நின்றார். கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"அக்கா, அதுங்க சிறகைப் பாத்தியா?"

சிங்க் அடியில் கைவிட்டு ஒன்றைப் பிடித்துக் காட்டினார். சிறகு நேராக இல்லை. முறுக்கிச் சுருண்டிருந்தது.

"இது உடம்புல ஒரு ஹார்மோன் கீதுக்கா. அது சுரக்கற வரிக்கும் தோலை உரிச்சு உரிச்சு குட்டியாவே வளரும். அது நின்னாதான் கடைசித் தோலை உரிச்சு பெரிசாவும். நம்ம மருந்து அந்த ஹார்மோன் மாதிரியே. நிக்க வுடாது. அதான் சிறகு கோணிக்கினு கீது. இனிமே இதுக்குக் குட்டி பொறக்காது."

"ஆனா உயிரோட இருக்கே, பாய்!"

"ஆயுசு முடிஞ்சாதான் போவும். ரெண்டு மாசம் பொறு."

நம்புவேனா? அவர் போனதும் சிறகு கோணிய ஏழெட்டைப் பிடித்து ஊறுகாய் பாட்டிலில் போட்டேன். மூடியில் ஓட்டை, உள்ளே பிஸ்கட் தூள், ஈரப் பஞ்சு. தினமும் வேவு பார்த்தேன். "கரப்பானுக்குப் பிரசவம் பார்க்கிறாயா?" என்றார் கணவர்.

ஒரு குட்டி கூட வரவில்லை. பாட்டிலில் ஒவ்வொன்றாகச் செத்தன. இரண்டு மாதத்தில் சமையலறையும் காலி.

போன் செய்தேன். "மன்னிச்சுடுங்க பாய்."

"எனக்கு இன்னாத்துக்கு சொல்ற? அந்த நாலு வூட்டுக்கும் சொல்லுக்கா."

மெதுவாக வேலை செய்யும் எதையும் நாம் ஏன் மோசடி என்றே முடிவு கட்டுகிறோம்? வெட்கத்தோடு குரூப்பில் நீளமாக எழுதினேன் — ஹார்மோன், சிறகு, பாட்டில், என் அவசரம், எல்லாம்.

ஒரே ஒரு பதில் வந்தது: 'அவர் உங்களுக்கு வேண்டியவரா, மேடம்?'