படகுக்குக் கொடுத்த டிராக்டர் எர்த்

போன வருடம் மேட்டூர் அணை நிரம்பி, அதன் தண்ணீர் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்கள் வரை ஏறி நின்ற நேரம். அங்கே ஒரு படகுத் துறையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

கடத்தூரில் டிராக்டர், மினி லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் நான். கை வைத்தால் வண்டி ஓடும் என்று பெயர். அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு. என் மனைவியின் அண்ணன் அந்தத் துறையில் ஆட்களைக் கரை கடத்த ஒரு மோட்டார் படகு வைத்திருக்கிறார். கடலோரத்தில் யாரோ ஓட்டிக் கழித்த ஃபைபர் படகு. எஞ்சினும் பழசு, கயிற்றை இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பேட்டரிக்கு ஒரே வேலைதான், படகின் பின்னால் தொங்கும் எஞ்சினைத் தூக்குவது. கரையோரம் ஆழம் குறைந்து அடியில் பாறை வரும். அப்போது பட்டனை அழுத்தினால் ஒரு சின்ன மோட்டார் எஞ்சினை மேலே சாய்க்கும். சாய்க்காவிட்டால் விசிறி பாறையில் அடித்து உடைந்துவிடும்.

அது ஒருநாள் தூக்காமல் நின்றுவிட்டது. மச்சான் போன் செய்தார். "மாப்ள, ஊர்ல இருக்கிற டிராக்டரையெல்லாம் எழுப்பறீங்க, இத எழுப்ப மாட்டீங்களா?"

போய்ப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மைனஸ் ஒயர் உள்ளே பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. எஞ்சின் வரைக்கும் புதுசாகக் கனமான ஒயர் இழுக்க வேண்டும். அது கையில் இல்லை, பென்னாகரம் போய் வாங்கி வரச் சோம்பல். டிராக்டரில் இந்தக் கவலையே கிடையாது. மைனஸ் ஒயரை வண்டியின் இரும்பில் எங்கே முடுக்கினாலும் வேலை செய்யும். பாடி எர்த் என்போம். அதே பழக்கத்தில், சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டைப் பார்த்து முடுக்கினேன். பட்டனை அழுத்தினேன், எஞ்சின் எழும்பியது. துறை டீக்கடையில் எனக்கு ராஜ மரியாதை.

படகை ஓட்டுகிறவர் ஐம்பதை ஒட்டிய மனிதர். முன்பு சொந்தப் பரிசல் வைத்திருந்தவர். மோட்டார் படகு வந்ததும் பரிசலை விற்றுவிட்டு மச்சானிடம் சேர்ந்தார். இந்த வேலை போனால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. கொஞ்ச நாள் கழித்து அவர் எனக்குப் போன் செய்தார்.

"பட்டன அமுக்குனா ஸ்டியரிங்குகிட்ட பொசுங்குற வாசம் வருதுங்க. ஸ்டியரிங்கும் இறுகிப் போச்சுங்க."

"நான் பாத்தது எஞ்சின் தூக்குற ஒயருங்கண்ணா. அதுக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன சம்பந்தம்? கிரீஸ் வைங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கடையில் நாலு வண்டி நின்றுகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுகரை சர்ச்சில் என் மனைவியின் சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். மச்சான், நாங்கள், உறவுக்காரர்கள் எல்லோரும் பட்டும் பூவுமாகத் துறையில் நின்றோம். படகுக்காரர் பட்டனை அழுத்திக் காட்டினார். எஞ்சின் முனகிக்கொண்டு பாதி எழுந்து நின்றது. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். டீக்கடையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். என் பெயர் போகிறதே என்ற பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"எத்தன தடவ சொன்னேன், விட்டு விட்டு அமுக்குன்னு? புடிச்சிக்கிட்டே நின்னா மோட்டாரு வேகாம என்ன பண்ணும்?"

ஒரு தடவைகூட நான் அப்படிச் சொன்னதில்லை. அதுவரை 'அண்ணா' என்று கூப்பிட்டவரை அன்றைக்கு ஒருமையில் பேசினேன்.

"நான் அப்பிடி அமுக்கலீங்க" என்றார். மச்சான் கேட்கிற நிலையில் இல்லை. இன்றோடு நின்றுகொள்ளுங்கள், நாளைக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏறுங்க, நேரமாவுது" என்றார்.

மறுகரை நெருங்கும் இடத்தில் ஸ்டியரிங் திரும்பவில்லை. நேர் எதிரே பாறை. அவர் எஞ்சினைத் தூக்கப் பட்டனை அழுத்தினார். "அப்பா, புகை!" என்று என் மகள் கத்தினாள். ஸ்டியரிங் பக்கத்திலிருந்து கறுப்பாக வந்தது. நான் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேனே தவிர, ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. அவர் எஞ்சினை அணைத்தார், பேட்டரி கிளிப்பைப் பிடுங்கினார். "ஆரும் எந்திரிக்காதீங்க" என்றபடி துடுப்பைப் பாறையில் ஊன்றி, உடம்பையே கொடுத்துப் படகைத் தள்ளித் திருப்பினார். பாறையை உரசிக்கொண்டு, உள்ளே தண்ணீர் தெறிக்க, படகு கரை சேர்ந்தது. யாருக்கும் கீறல்கூட இல்லை.

எல்லோரும் இறங்கியதும் குனிந்து பார்த்தேன். ஸ்டியரிங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கேபிளின் பிளாஸ்டிக் உறை உருகி, உள்ளே ஓடும் இரும்புக் கம்பியோடு ஒட்டியிருந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஃபைபர் படகுக்கு ஏது இரும்பு பாடி? நான் எர்த் கொடுத்த சட்டத்தில்தான் ஸ்டியரிங்கும் மாட்டியிருந்தது. அங்கிருந்து எஞ்சினுக்குப் போக அந்த ஸ்டியரிங் கேபிளைத் தவிர கரண்டுக்கு வேறு வழியே இல்லை. பட்டனை அழுத்திய ஒவ்வொரு முறையும் அது வெந்திருக்கிறது. அவருக்கு வந்த வாசம் அதுதான்.

கேபிள் பழசு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் என் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள், புடவையெல்லாம் நனைந்து என் மனைவி நின்றிருந்தாள். "நான் குடுத்த எர்த்துதான் மச்சான் தப்பு. அவரு மேல ஒண்ணுமில்ல" என்றேன்.

"சரி விடுங்க மாப்ள, ஆருக்கும் ஒண்ணும் ஆவல" என்ற மச்சான், அவர் பக்கம் திரும்பி, "நீங்க நாளைக்கி வந்துருங்க" என்றார்.

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார். "வர்றனுங்க. ஆனா இவரு டீக்கடைக்கு முன்னால நாலு பேரு கேக்கத்தான சொன்னாரு. அங்கியே வந்து நாலு பேரு கேக்கச் சொல்லட்டும்."

சர்ச்சில் குழந்தை தலையில் தண்ணீர் ஊற்றியபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மற்றவர்கள் வேறு படகில் திரும்பினார்கள். ஸ்டியரிங் போன அந்தப் படகில் நான் மட்டும் அவரோடு ஏறி ஒரு துடுப்பைப் பிடித்தேன். எனக்குப் போடத் தெரியவில்லை. அவர் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

டீக்கடையில் காலையில் இருந்தவர்களில் பாதிப் பேர் இருந்தார்கள். எர்த்தைத் தப்பாகக் கொடுத்தேன், கேபிள் வெந்தது, அவர் ஓட்டியதில் குறை இல்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன். யாரோ சிரித்தார்கள். போய்விடலாம் என்று திரும்பினேன்.

"வாசம் வருதுன்னு நான் போன் பண்ணனே, அதையும் சொல்லுங்க" என்றார் அவர், டீ கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எர்த்தைத் தப்பாகக் கொடுத்தது தெரியாமல் நடந்தது. அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் போனை வைத்தது தெரிந்தே செய்தது. அதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே போய் எஞ்சின் வரை புது ஒயர் இழுத்து, கேபிளும் மாற்றிக் கொடுத்தேன். அவர்தான் இன்னும் படகை ஓட்டுகிறார். என்னைப் பார்த்தால் "வாங்க" என்பார், அதற்கு மேல் பேச்சு இல்லை. இப்போதெல்லாம் என் கடைக்கு வண்டியோடு வருகிறவர் யாராக இருந்தாலும் சரி, "ஏதோ வாசம் வருதுங்க" என்று சொன்னால் முதலில் குனிந்து முகர்ந்து பார்க்கிறேன். வாயைத் திறப்பது அதற்கப்புறம்தான்.