அம்மா சொல்லிக் கொடுத்தது

எங்கள் அத்தை மாடியிலிருந்து வழுக்கி விழுந்து செத்துப்போனாள் என்றுதான் எங்கள் ஊர் அடி அண்ணாமலை முழுக்கப் பேச்சு. அப்படிச் சொன்னவர் அத்தையின் புருஷன், எங்கள் மாமா. தள்ளியதும் அவர்தான். பார்த்தவள் நான் ஒருத்தி மட்டும்.

அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அத்தை வீட்டுக்கு அடுத்த வீடுதான் எங்களுடையது. எங்கள் மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தேன். அத்தையின் அலறல் நின்றதும் மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாப்பா, அத்தை வழுக்கி விழுந்துட்டா. பாத்த இல்ல?"

குரலில் கோபமே இல்லை. நான் தலையை ஆட்டினேன்.

ஆனால் அத்தையை எடுப்பதற்குள் அம்மாவின் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்திருக்கவில்லை. அம்மா என் வாயைப் பொத்தவில்லை. எழுந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

பல மாதங்கள் கழித்துத் திருவண்ணாமலை கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். முதலில் பொம்மைகள் கிடந்த ஓர் அறையில், கோர்ட்டில் வேலை பார்க்கும் ஓர் அக்கா என்னை உட்கார வைத்திருந்தாள். நான் ஒரு பொம்மையையும் தொடவில்லை. "உன் மாமாவால உன்னப் பாக்க முடியாது, திரை போட்டிருக்கோம்" என்றாள்.

தன் சாட்சியை முன்பே சொல்லி முடித்திருந்த அம்மாவை எனக்குப் பின்னால் உட்கார விட்டார்கள். ஜட்ஜ் ஒரு பெண். கறுப்பு அங்கி போடாமல், உயரமான மேடையில் ஏறாமல், எனக்கெதிரே சாதாரண நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் என்றே நினைத்தேன்.

"பொய் சொன்னா என்ன ஆகும் கண்ணு?"

"அம்மா எங்கிட்ட பேச மாட்டாங்க."

திரை தரைவரை எட்டவில்லை. அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. கறுத்துப்போன கட்டைவிரல் நகம். மாமா! ஜட்ஜ் என் பார்வை போன இடத்தைக் கவனித்தார். எழுந்து, தன் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்னையே பாத்துச் சொல்லு" என்றார். அவர் முகத்தையே பார்த்து, மாடியில் கண்டதைச் சொன்னேன்.

பிறகு மாமாவின் வக்கீல் எழுந்தார். அவர் என்னிடம் நேரே கேட்கக் கூடாதாம். அவர் சொன்ன கேள்வியை ஜட்ஜ்தான் மெதுவாகக் கேட்டார்.

"இங்க என்ன சொல்லணும்னு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆமாம். அம்மா."

வக்கீல் சிரித்தார். "இது போதும் மேடம், பதிவு பண்ணிக்குங்க" என்றார். எனக்குப் பின்னால் அம்மா மூச்சு விடும் சத்தம்கூட நின்றுபோனது.

ஜட்ஜ் விடவில்லை. "என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"பாத்தத மட்டும் சொல்லணும். பாக்காதத யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். ஒண்ணுக்கு வந்தா அடக்கக் கூடாது, கேட்டுட்டுப் போகணும்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப வருதா?" என்றார் ஜட்ஜ்.

"வருது."

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா என் தலைமுடியில் முகம் புதைத்து அழுதாள். சொல்லக் கூடாததைச் சொல்லி அம்மாவைக் காட்டிக் கொடுத்துவிட்டேன், இனி அவளைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன்.

என் சாட்சியை நம்பி மாமாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். ஆனால் தீர்ப்பு வரும்வரை, தெருவில் வண்டிச் சத்தம் கேட்டாலே போலீஸ் வந்துவிட்டதென்று ஓடிப்போய்க் கதவைச் சாத்துவேன். அம்மா ஒருநாளும் திட்டியதில்லை. அவளும் வந்து, எனக்கு எட்டாத மேல்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, சத்தம் தேய்ந்து மறையும்வரை என்னை இறுக்கிக்கொண்டு நிற்பாள். மாமாவின் தம்பிகள் பைக்கில் எங்கள் வாசலையே சுற்றிக்கொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது. நான்தான் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.