ஏதும் வருத்தம் இருக்கோ?

எங்கள் ஊரில் நோய்க்குப் பெயர் வருத்தம். காய்ச்சலும் வருத்தம்தான், நீரிழிவு வந்தால் சீனி வருத்தம், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் வருத்தக்காரர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, தாதியாகப் படித்து, மலையகத்துப் பதுளைக்கு மாற்றலாகி வந்தவள் நான். மனக்கவலைக்கும் அந்தச் சொல் உண்டென்று எனக்குத் தெரியாமலில்லை. புத்தகத்தில் படித்தால் விளங்கும், ஆள் பேசினால் விளங்காது. அலுவலகத்தில் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஆட்கள். அவர்களோடு பேசிப் பேசியே காலம் போய்விட்டது.

போன வருடம் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வீடு வீடாகப் போய் உடல்நிலை விசாரிக்கும் வேலை. யாருக்கு என்ன நோய் என்று தெரிந்தால்தானே எதைச் சரிசெய்வது என்று தெரியும். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி ஒரே கேள்வியைக் கேட்டேன். "ஏதும் வருத்தம் இருக்கோ?"

"வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மிஸ்ஸி" என்று இருமிக்கொண்டே சொன்னார்கள். வீங்கிய காலோடு நின்ற ஒருத்தி சிரித்துக்கொண்டு சொன்னாள். நோயை ஒளிக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குப் பொறுமை குறைவு.

கடைசி லயத்தில், கொழுந்து எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்குங்க மிஸ்ஸி."

"எவ்வளவு காலமா?"

"மக போனதுலேருந்துங்க."

மகள் கல்யாணமாகிப் போயிருப்பாள், அதை வைத்துக் காலம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "எந்த இடத்திலை?" என்றேன். நெஞ்சில் கை வைத்தார்.

"இரவிலை கூடுதோ?"

"ராவுலதாங்க தாங்க முடியல. மூச்ச அடைக்குது."

இதய நோய் என்று முடிவுகட்டினேன். ஒரு வழியாக ஒருத்தராவது உண்மையைச் சொன்னாரே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. "பதுளை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ அம்மா, அங்கை எல்லாம் பாப்பினம்" என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்தேன்.

குறித்த நாளில் நல்ல சேலை உடுத்தி, ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். இரத்தம் எடுத்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று நடைபாதைக்கு ஓடினேன்.

"அம்மா, உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. சந்தோசமா வீட்டை போங்கோ."

அவர் பையைத் திறந்தார். ஒரு பெண்ணின் புகைப்படம், பாஸ்போர்ட்டின் பிரதி.

"அப்ப மகளப் பத்தி எப்பங்க கேப்பாங்க?"

மகள் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனவள். முதலில் வீட்டுக்குப் போன் எடுத்துப் பேசியிருக்கிறாள், பிறகு அது நின்றுபோயிருக்கிறது. அனுப்பிய ஏஜென்டும் பதில் சொல்வதில்லை. "கவர்மென்டு ஆளு நீங்க, வருத்தம் இருக்கானு கேட்டீங்க. இதத்தான் கேக்குறீங்கனு நெனச்சேன். நெஞ்சுல வயர ஒட்டினப்பகூட, இது முடிஞ்சதும் கேப்பாங்கன்னு படுத்திருந்தேங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும், நான் கேட்டது நோயைத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் நடைபாதை முழுக்க ஆட்கள். அந்த அம்மாவின் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

"கேப்பினம் அம்மா. நாங்கள் பாத்துச் சொல்லுறம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

விசாரிக்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். இன்று கிளினிக், நாளை கூட்டம் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். மாதங்கள் ஓடிவிட்டன. கடைசியில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் முறைப்பாடுகளை எடுக்கும் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். தாய் நேரில் வந்து முறைப்பாடு கொடுத்தால் தேடத் தொடங்குவார்கள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகிற தூரம். அன்றைக்கே கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கலாம்.

அதைச் சொல்லத்தான் மறுபடி தோட்டத்துக்கு ஏறினேன். என்னைக் கண்டதும் அந்த அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார், தேத்தண்ணி வைத்தார், பிரஷர் பார்க்கக் கையையும் தானே நீட்டினார். பிரஷர் நன்றாக இருந்தது.

"இப்பல்லாம் நல்லா தூக்கம் வருதுங்க மிஸ்ஸி. பாக்குறோம்னு நீங்க சொன்னீங்கள்ல, அதோட நெஞ்சடைப்பும் போயிருச்சு."

என் வேலையின் கணக்குப்படி இது முன்னேற்றம். கருவியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். அப்படியே இறங்கிப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அம்மா, மகளைப் பற்றி நான் இவ்வளவு நாளும் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. முதல் நாள் நீங்கள் சொன்னது எனக்கு விளங்கேல்லை. விளங்கின பிறகு பொய் சொன்னனான். நாளைக்கு என்னோடை வாங்கோ, முறைப்பாடு குடுப்பம்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் தூங்குன ராத்திரியெல்லாம், அங்க அவள யாருமே தேடலையாங்க மிஸ்ஸி?"