ராணியை ஒரு கட்டை இறக்கினேன்

வாணியம்பாடியில் முப்பது வருஷத்துக்கு மேல் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்தியவன் நான். கவ்வாலி, பக்திப் பாட்டு, கட்சி விளம்பரம், கல்யாணம் என்று எது வந்தாலும் செய்வேன். காது நல்ல காது, வாய்தான் கொஞ்சம் நீளம். ஸ்ருதி விலகினால் பெரிய பாடகராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில் நான் கெடுத்த ஒரு வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம் சந்தவாசலிலிருந்து குப்புசாமி போன் செய்தார். ஒரு கூத்து ஜமாவில், அதாவது குழுவில், ஆர்மோனியம் வாசிப்பவர்.

"பாய், எங்க ஜமாவுல ராணி வேஷம் கட்ற வேடியம்மாவுக்குத் தொண்டையில கட்டி. வர்ற வாரம் வேலூர்ல ஆப்ரேசன். கொரலு மாறினாலும் மாறும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள அந்த நாப்பது நிமிசப் பாட்ட நல்லா புடிச்சி வெச்சிடணும்."

"போளூர்ல எங்கனா ரூம் போட்டுக்கலாமா?"

"அது வூடு மலை மேல இருக்குது. சாமை அறுப்பு வேற. காத்தால கொல்லிக்கு அறுக்கப் போய்ட்டு வந்துதான் பாடும். நீங்கதான் ஏறி வரணும்."

ஏறினேன். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடம். லீவு நாள் என்பதால் வகுப்பறை ஒன்றைக் கொடுத்தார்கள். லாரி ஹார்ன் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. இப்படி ஒரு அமைதிக்கு நகரத்தில் எவ்வளவு பாடுபட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மைக்குகளை வைத்தேன். வேடியம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. குப்புசாமி ஆர்மோனியத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார், மிருதங்கக்காரர் எதிரே.

"இவளுக்கு ஒன்ற வயசு, பாய். ஆப்ரேசன்ல இன்னா ஆவுமோ தெரியல. இவ வளந்து எங்கொரல கேக்கணும், அதான்" என்றாள்.

மகனைப் போருக்கு அனுப்பிச் சாகவிட்ட ராஜாவின் சபைக்கு ராணி வருகிறாள். கெஞ்சுகிறாள், அழுகிறாள், பிறகு நியாயம் கேட்கிறாள். பாட்டு இவ்வளவுதான். டெம்போ ஓடாமல் இருக்கட்டும் என்று அவள் ஹெட்போனில் டிக் டிக் என்று தாளம் தட்டுகிற கிளிக் போட்டேன். அரை நிமிஷத்தில் கழற்றிவிட்டாள்.

"காதுக்குள்ள எவனோ கதவத் தட்டிக்கினே கீறான் பாய். எப்படிப் பாடறது?"

எல்லோரும் சிரித்தார்கள். கிளிக்கை எடுத்துவிட்டேன்.

ஆர்மோனியத்தில் ஐந்து கட்டை ஸ்ருதி வைத்து ஆரம்பித்தார்கள். இருபத்தைந்து நிமிஷம் வரை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதற்கப்புறம் குப்புசாமி ஐந்தரைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஆறு. மிருதங்கமும் கூடவே ஓடியது. ஆபரேஷன் பயத்தில் அவள் குரல் ஏறுகிறது, இவர்களும் பின்னாலேயே போகிறார்கள் என்று நினைத்தேன். எத்தனையோ பேர் பதற்றத்தில் இப்படி ஓடிப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொண்டையை இன்னொரு டேக் கேட்க மனம் வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் முடித்துக்கொண்டு, வீட்டில் போய்ச் சரி செய்துகொள்ளலாம் என்று இறங்கி வந்துவிட்டேன்.

இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஏறின இடங்களை ஐந்து கட்டைக்கு இறக்கினேன். ஓடின மிருதங்கத்தை இழுத்து நிறுத்தினேன். வரிக்கு நடுவில் அவள் மூச்சு வாங்குகிற சத்தத்தை வெட்டினேன். ஃபர்ஸ்ட் கிளாஸாக இருந்தது. கேசட் காலத்தில் மாஸ்டர் முடிந்ததும் மூல டேப்பை அழித்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வோம். அந்தப் பழக்கத்திலேயே பழைய ஃபைலின் மேல் சேவ் செய்தேன். மறுநாள் ஒரு நிக்காஹ் ரெக்கார்டிங் இருந்தது, மெமரி கார்டையும் ஃபார்மேட் அடித்துவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து லேப்டாப்போடு மலைக்குப் போனேன். குப்புசாமியும் வந்திருந்தார். வேடியம்மாவின் குரல் கம்மிப்போய்க் காற்றாக வந்தது. ஹெட்போன் மாட்டிக் கேட்டாள். முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கை, நியாயம் கேட்கிற இடம் வந்ததும் நின்றுவிட்டது. ஹெட்போனைக் கழற்றிக் குப்புசாமியிடம் கொடுத்தாள். அவர் கொஞ்சம் கேட்டார்.

"இன்னா பாய் இது? யாரு பாடறது?"

"வேடியம்மாதான். கடைசியில கட்டை ஏறிப்போச்சு இல்ல, அத சரி பண்ணிட்டேன்."

"அட போங்க பாய்! அது வேணும்னே ஏத்தறதுங்க. அழுவுற வரைக்கும் அஞ்சு. நியாயம் கேக்க ஆரம்பிச்சா அரை கட்டை ஏத்துவேன். ராஜா தலையத் தொங்கப் போட்டா இன்னொரு அரை. எங்க ஜமாவுல எப்பவும் அப்படித்தான். நீங்க கோவத்தையெல்லாம் அழுகாச்சி ஆக்கிட்டீங்களே."



"பழசு இருக்குதா?" என்றாள் வேடியம்மா.

"இல்லம்மா. அழிச்சிட்டேன்."

வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து மறுபடி கட்டையை ஏற்றிப் பார்த்தேன். கீ கொடுத்த பொம்மை பேசுகிற மாதிரி வந்தது. வெட்டிப் போட்ட மூச்சை எங்கே போய்த் தேடுவது? வேடியம்மா இரண்டு நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இதையும் அழிச்சிடுங்க, பாய்."

"ஏம்மா? உன் குரல்தானே இது. பொண்ணுக்கு இதாவது இருக்கட்டும்."

"வேணாங்க. எங்கம்மா கடைசி வரைக்கும் கெஞ்சிக்கினேதான் இருந்தான்னு நெனச்சிக்குவா."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். யா அல்லா, அந்த ஒரு பட்டனை அழுத்த எனக்கு எவ்வளவு நேரம் ஆனது! அவள் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாடினவர் கேட்டுச் சரி என்று சொல்லும்வரை மூலத்தில் கை வைக்காதீர்கள். கட்டை ஏறினால், டெம்போ ஓடினால், தப்பு என்று நீங்களே முடிவு கட்டாமல் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைக்கு அந்த வகுப்பறையில் குப்புசாமி என் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை.